மேற்கத்திய ஹிட் பாட்டுகளைக் கேட்கத் தொடங்குவது எப்படி: வேலூர் பக்கம் இருக்கும் புதியவர்களுக்கு

பழைய வட ஆற்காடு மாவட்டம் முழுக்க ஆங்கிலப் பாட்டு கேட்க ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காட்பாடிக்கு இன்ஜினியரிங் படிக்க வந்து, பக்கத்து அறையில் மிசோரம், நாகாலாந்து பையன்கள் கிட்டாரோடு பாடுவதைக் கேட்டு ஆசைப்பட்டவர்கள், பாகாயத்து விடுதிகளில் இருப்பவர்கள், ஆம்பூர் ராணிப்பேட்டை தோல் கம்பெனிகளில் வேலை முடிந்து வந்து ராத்திரி ஹெட்போனோடு உட்காருகிறவர்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: எங்கே ஆரம்பிப்பது? யாராவது ஒரு நண்பர் ஐந்நூறு பாட்டு கொண்ட பிளேலிஸ்ட் ஒன்றை அனுப்பி வைப்பார், பத்தாவது பாட்டிலேயே எல்லாம் ஒரே மாதிரி கேட்க ஆரம்பிக்கும், அதோடு ஆசை நின்றுவிடும்.

இந்தக் கட்டுரை அப்படி நின்றுபோனவர்களுக்கும் இனிமேல் தொடங்கப் போகிறவர்களுக்கும். ஒரு பாட்டு ஐம்பது அறுபது வருஷம் தாண்டியும் உயிரோடு இருக்கிறது என்றால், அதற்கான காரணம் பெரும்பாலும் அந்தப் பாட்டுக்குள்ளேயே காதில் விழும் என்பதுதான் என் எண்ணம். அதனால் முதலில் காது, அப்புறம் வார்த்தை, கடைசியில் கதை. நிறையப் பேர் தலைகீழாகப் போகிறார்கள். பாடகர் யாரைக் காதலித்தார், எப்போது செத்துப்போனார் என்று வீடியோ பார்த்துவிட்டுப் பாட்டுக்கு வருகிறார்கள், அப்போது அந்தக் கதை மட்டும்தான் கேட்கும், பாட்டு கேட்காது.

முதல் வேலை: ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு பாட்டு

பட்டியலை மூடி வையுங்கள். ஒரு பாட்டை எடுத்து ஒரு வாரம் அதோடு இருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை போதும், மொத்தம் பத்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அந்தப் பத்து நிமிஷம் வேறு எதையும் செய்யாமல் கேட்க வேண்டும்.

எதில் கேட்பது என்பது முக்கியம். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி எழுப்பும் அடிச்சுருதி சுமார் 41 ஹெர்ட்ஸ், அவ்வளவு கீழான ஒலியை போனில் இருக்கிற குட்டி ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது, ஆக பாட்டின் அஸ்திவாரம் உங்களுக்கு வந்து சேராது. விலை குறைந்த வயர் ஹெட்போன்கூடப் போதும், காதில் சரியாகப் பொருந்தினால் சரி. காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவில் ஓடுகிற டவுன் பஸ்ஸில் கேட்பதும் வேண்டாம், இன்ஜின் சத்தம் அதே கீழ் ஒலிகளைத்தான் விழுங்கும், நீங்கள் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள், காதுக்குத்தான் கேடு. விடியற்காலை மொட்டை மாடி நல்ல இடம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் அதுதான் மனுஷன் நிம்மதியாக உட்காரக்கூடிய நேரமும். சாயங்காலம் என்றால் கோட்டை அகழிப் பக்கத்துப் புல்வெளி.

எந்தப் பாட்டில் தொடங்குவது

நான் யாருக்கும் முதலில் சொல்வது 'ஸ்டாண்ட் பை மீ'. பென் இ. கிங் பாடியது, 1961-இல் வெளிவந்தது, அவரும் ஜெர்ரி லீபர், மைக் ஸ்டோலர் என்ற இரண்டு பேரும் சேர்ந்து எழுதியது. மூன்று நிமிஷம்தான். ஆங்கிலம் கொஞ்சம்தான் தெரியும் என்றாலும் இதில் பயப்பட எதுவும் கிடையாது.

முதல் நாள் பேஸை மட்டும் கேளுங்கள். பாட்டு அதில்தான் தொடங்குகிறது. அந்தச் சின்ன வடிவத்தை வாயால் முணுமுணுக்க வரும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். இரண்டாம் நாள், அந்த பேஸ் எங்கே மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே கேளுங்கள். மாறவே மாறாது. சரணத்துக்கும் அதேதான், பல்லவிக்கும் அதேதான், நான்கு எண்ணிக்கை கொண்ட எட்டுச் சுற்றில் முடிந்து மறுபடி முதலிலிருந்து வரும். மூன்றாம் நாள், மேலே என்னென்ன மாறுகிறது என்று கேளுங்கள். குரல் ஏறுகிறது, பின்பாட்டுக் குரல்கள் வருகின்றன, வயலின் கூட்டம் வந்து நடுவில் தனியாக வாசிக்கிறது, பேஸ் மட்டும் தன் பாட்டுக்கு நின்ற இடத்தில் நிற்கிறது. நான்காம் நாள் வார்த்தைகளைப் படியுங்கள். ராத்திரி வந்தாலும், மலை இடிந்து கடலில் விழுந்தாலும் நீ என்னோடு நின்றால் எனக்குப் பயமில்லை என்கிறான். அப்போது புரியும், மூன்று நாளாக நீங்கள் கேட்டுக்கொண்டிருந்த பேஸ்தான் கூட நிற்கிற அந்த ஆள். எழுதியவர்கள் அப்படித் திட்டம் போட்டார்களா என்பது எனக்கு முக்கியமில்லை, கேட்கிறவரின் உடம்பு அதைப் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் இந்தப் பாட்டு கல்யாணத்திலும் பாடப்படுகிறது, துக்க வீட்டிலும் பாடப்படுகிறது.

இதற்கப்புறம் கதையைத் தேடிப் படியுங்கள், இப்போது அது இனிக்கும். பழைய கருப்பின தேவாலயப் பாட்டு மரபிலிருந்து வந்த கரு இது. மலைகள் கடலில் சாய்ந்தாலும் பயப்படோம் என்பது 46-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது, வேலூரில் சி.எஸ்.ஐ. சபைக்குப் போய் வளர்ந்தவர்களுக்கு அந்த வரி கேட்ட மாத்திரத்தில் தெரியும். வெளிவந்து இருபத்தைந்து வருஷம் கழித்து, 1986-இல் இதே பெயரில் ஒரு ஹாலிவுட் படம் வந்தபோது பாட்டு மறுபடி அமெரிக்கப் பட்டியலில் முதல் பத்துக்குள் ஏறியது. கேட்டவர்களில் பாதிப் பேர் 1961-இல் பிறந்தே இருக்க மாட்டார்கள்.

இரண்டாவது வாரம்: ரிஃப் என்றால் என்ன என்று காதால் கற்றுக்கொள்ளுங்கள்

ராக் பாட்டில் பல சமயம் பாடகருக்கு முன்னால் நம்மைப் பிடித்துக்கொள்வது ரிஃப். சின்ன, திரும்பத் திரும்ப வருகிற ஒரு கிட்டார் வரி, அவ்வளவுதான். இதற்கு டீப் பர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டைவிட நல்ல பாடம் கிடையாது.

ஹெட்போனில் முதல் ஒரு நிமிஷத்தை மட்டும் கேளுங்கள், பாட்டு முழுக்க வேண்டாம். முதலில் ரிச்சி பிளாக்மோரின் கிட்டார் தனியாக வரும். அடுத்த சுற்றில் டிரம்ஸின் ஹை-ஹாட் தகடும் ஜான் லார்டின் ஆர்கனும் சேரும். அந்த ஆர்கனைக் கொஞ்சம் கவனியுங்கள், கிட்டார் மாதிரியே கரகரவென்று ஒலிப்பதால் முதல் தடவை அது தனி வாத்தியம் என்றே தெரியாது. அப்புறம் முழு டிரம்ஸ். கடைசியாக பேஸ் வந்து உட்காரும், அந்த இடத்தில் வயிற்றில் ஒரு பாரம் இறங்கும். ஒரே நான்கு சுரங்கள் கொண்ட வரிதான், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஆள் கூடுகிறான். இதை அடையாளம் கண்டுவிட்டால் ராக் கேட்கத் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதன் விரிவுதான்.

இந்தப் பாட்டின் கதை பாட்டிலேயே இருக்கிறது. 1971 டிசம்பரில் இந்தக் குழு சுவிட்சர்லாந்தில் மாந்த்ரோ என்ற ஏரிக்கரை ஊருக்கு ஆல்பம் பதிவு செய்யப் போனது. அங்கே இருந்த காசினோ அரங்கில்தான் பதிவு, அதற்காக ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஒலிப்பதிவு லாரியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். டிசம்பர் 4-ஆம் தேதி அதே அரங்கில் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் யாரோ ஒருவன் வெளிச்சம் காட்டும் ஃபிளேர் துப்பாக்கியைக் கூரையைப் பார்த்துச் சுட்டான், கூரை பற்றிக்கொண்டது, காசினோ முழுக்க எரிந்து போனது. நல்லவேளை யாரும் சாகவில்லை, உள்ளே மாட்டிக்கொண்ட இளைஞர்களை வெளியே இழுத்து வந்தவர்களில் மாந்த்ரோ இசை விழாவை நடத்திய கிளாட் நாப்ஸ் ஒருவர், பாட்டில் அவர் பெயரும் வருகிறது. ஜெனீவா ஏரியின் மேல் புகை படர்ந்து போனதைக் குழு பார்த்துக்கொண்டிருந்தது. சில நாள் கழித்து பேஸ் வாசிக்கிற ரோஜர் குளோவர் தூக்கத்திலிருந்து எழுந்தபோது தலைப்பு அவர் வாயில் இருந்தது. இடம் போய்விட்டது, இன்னொரு அரங்கில் பதிவு செய்யப் போனால் சத்தம் தாங்காமல் ஊர்க்காரர்கள் புகார் செய்து போலீஸ் வந்தது, கடைசியில் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைபாதைகளில் மெத்தைகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஆல்பத்தை முடித்தார்கள். இவ்வளவையும் பாட்டு வரிசையாகச் சொல்கிறது, அலங்காரமே கிடையாது, பத்திரிகைச் செய்தி மாதிரி.

ஆனால் எனக்கு இதில் பிடித்தது, அந்த மனிதர்கள் இடம் இல்லாமல் அலைந்த எரிச்சலையும் பதற்றத்தையும் கொட்டித் தீர்க்காமல் நடந்ததை நடந்தபடி வைத்துவிட்டு, மிச்சத்தை ரிஃப்பிடம் விட்டதுதான். 1972-இல் ஆல்பம் வந்தது. அதற்கப்புறம் உலகத்தில் கிட்டார் வாங்கிய பையன்களில் பெரும்பாலோர் முதலில் வாசித்துப் பார்த்தது அந்த வரியாகத்தான் இருக்கும், எப்படி வாசிப்பது என்று கீழே சொல்கிறேன்.

நம் சினிமாப் பாட்டுக் காது எங்கே உதவும், எங்கே தடுக்கும்

உதவும் இடம் நிறைய. இளையராஜா தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர், அவர் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டு பாடிக்கொண்டே போகும், அதைக் கவனித்துக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' புரிய ஒரு நாள் போதும். சர்ச்சில் பாமாலையை நான்கு குரலாகப் பாடிப் பழகியவர்களுக்கு இன்னும் பெரிய சௌகரியம், குவீன் குழுவின் 'போஹிமியன் ராப்சடி' போன்ற பாட்டில் குரல் மேல் குரல் அடுக்குவது அவர்களுக்கு உடனே பிடிபடும். அந்தப் பாட்டை எழுதிய ஃபிரெடி மெர்க்குரி பார்சிக் குடும்பத்துப் பிள்ளை, ஸான்ஸிபாரில் பிறந்து மகாராஷ்டிரத்துப் பஞ்ச்கனியில் பள்ளி விடுதியில் தங்கிப் படித்தவர் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

தடுக்கும் இடம், இடையிசை. நமக்குப் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வாத்தியங்கள் ஒரு பயணம் போய்விட்டு வர வேண்டும். இங்கே அது பெரும்பாலும் இருக்காது, சரணம் முடிந்த அடுத்த அடியில் பல்லவி வந்து விழும். அதற்குப் பதிலாகக் கடைசியில் எங்கோ பிரிட்ஜ் என்று ஒரு பகுதி வரும், அதுவரை வராத மெட்டு, ஒரே ஒரு தடவை வந்துவிட்டுப் போய்விடும். புதியவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். ஒவ்வொரு பாட்டிலும் பிரிட்ஜ் இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் பாட்டுக்காரர் மனசு மாறுவதோ உண்மையைச் சொல்வதோ பல சமயம் அங்கேதான் நடக்கும்.

முன்னிசையின் நீளத்தையும் பாருங்கள். 1983-இல் தனிப்பாட்டாக வெளிவந்த 'பில்லி ஜீன்'-இல் குரல் வருவதற்கு முன் அரை நிமிஷம் ஓடுகிறது. தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் அதை வெட்டச் சொன்னார், அதுதான் என்னை ஆட வைக்கிறது என்று மைக்கேல் ஜாக்சன் விட்டுக்கொடுக்கவில்லை. ஒலிக்கலவை செய்த புரூஸ் ஸ்வீடியன் 91 கலவைகள் போட்டுப் பார்த்துவிட்டுக் கடைசியில் இரண்டாவது கலவைக்கே திரும்பினார். அந்த அரை நிமிஷத்தில் டிரம்ஸ், பேஸ், அப்புறம் சிந்தசைசர், இந்த வரிசையைப் பிடியுங்கள். என் பிள்ளைக்கு அப்பன் நீதான் என்று ஒரு பெண்ணால் குற்றம் சாட்டப்பட்டவன் பாடுகிற பாட்டு இது, அவன் பேச வாயெடுப்பதற்கு முன்னாலேயே ஒரு சந்தேகம் நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

வார்த்தைகளுக்கு எப்போது போவது

காதில் மெட்டு நன்றாகத் தங்கியதும். ஆங்கில உச்சரிப்பு புரியவில்லை என்று வெட்கப்பட ஒன்றுமில்லை, ராக் பாடகர்கள் பாதி வார்த்தையை மென்று விழுங்குகிறவர்கள், அந்த நாட்டுக்காரர்களுக்கே புரியாது. வரிகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு தடவை பாட்டு இல்லாமல் வாசியுங்கள், அப்புறம் பாட்டோடு வாசியுங்கள்.

பல்லவியை மட்டும் நம்பாதீர்கள். நான் அடித்துச் சொல்கிற விஷயம் இது. 'எவ்ரி பிரெத் யூ டேக்' என்று தி போலீஸ் குழுவின் பாட்டு, 1983-இல் அமெரிக்காவில் எட்டு வாரம் முதலிடம். மெட்டு இனிமையாக இருக்கிறது, கல்யாணங்களில் போடுகிறார்கள். வார்த்தையைப் படித்தால், விட்டுப் போன பெண்ணின் ஒவ்வொரு மூச்சையும் ஒவ்வொரு அடியையும் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்கிறான் ஒருவன். எழுதிய ஸ்டிங்கே அது அன்பான பாட்டு இல்லை என்று பல தடவை சொல்லியிருக்கிறார். இப்போது ஆண்டி சம்மர்ஸின் கிட்டாரை மறுபடி கேளுங்கள், கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டி ஒரே சீராக, ஒரு அடி கூடத் தளராமல் போய்க்கொண்டே இருக்கும். பின்தொடர்கிறவனின் நடை அது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' இன்னொன்று. 1984-இல் பல்லவியை மட்டும் கேட்டவர்கள் அதை நாட்டுப் பெருமைப் பாட்டு என்று கொண்டாடினார்கள், சரணங்களிலோ வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்து வேலை கிடைக்காமல் தவிக்கிற ஒருவன் இருக்கிறான். பல்லவி சத்தமாக இருப்பது பெருமிதத்தாலா ஆத்திரத்தாலா என்பதை நீங்களே கேட்டு முடிவு செய்யுங்கள், ஆத்திரம் என்பது என் முடிவு.

கதைகளைச் சலித்து எடுங்கள்

இணையத்தில் ஒவ்வொரு ஹிட் பாட்டுக்கும் ஒரு திகில் கதை சுற்றுகிறது. 'ஹோட்டல் கலிபோர்னியா' சாத்தானை வணங்குகிற இடம், மனநல மருத்துவமனை என்றெல்லாம் கல்லூரி விடுதிகளில் இன்றைக்கும் சத்தியம் செய்வார்கள். ஈகிள்ஸ் குழுவின் டான் ஹென்லி அதையெல்லாம் மறுத்துவிட்டார், அமெரிக்கக் கனவின் இருண்ட பக்கம், அளவுக்கு மீறிய வாழ்க்கை, இதுதான் பொருள் என்று சொன்னார். ஃபில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' பற்றி, ஒருவன் நீரில் மூழ்குவதை இன்னொருவன் வேடிக்கை பார்த்ததை அவர் நேரில் கண்டார் என்று ஒரு கதை உண்டு. அது பொய், அவரே சொல்லியிருக்கிறார், திருமணம் முறிந்த காலத்தில் எழுதிய பாட்டு அது.

சோதிக்க நான் வைத்திருக்கிற வழி எளியது. எழுதியவர் அல்லது வாசித்தவர் தன் வாயால் பேட்டியில் சொன்னதா? அடுத்து, அந்தக் கதை பாட்டில் எங்கே கேட்கிறது? மூழ்கிய மனிதன் கதை 'இன் தி ஏர் டுநைட்'-இல் எங்கேயும் கேட்காது. கேட்பது என்னவென்றால், ஆல்பத்தில் உள்ள பதிவில் மூன்றரை நிமிஷத்துக்கும் மேல் கோபத்தை அடக்கி அடக்கி வைத்திருந்துவிட்டு ஒரே இடத்தில் டிரம்ஸ் வெடிக்கிறது. அந்த மனசு ஒரு குடும்பம் உடைந்த மனுஷனின் மனசு என்று சொன்னால் பொருந்துகிறது, திகில் கதை தேவையே இல்லை. 'ஹோட்டல் கலிபோர்னியா'வின் முடிவில் டான் ஃபெல்டர், ஜோ வால்ஷ் இருவரின் கிட்டார்களும் இரண்டு நிமிஷத்துக்கு மேல் மாறி மாறிப் பேசிவிட்டுச் சேர்ந்து, சுற்றிச் சுற்றி ஒரே வட்டத்தில் வந்துகொண்டே ஒலி மங்கிப் போகும், முடிவே வராது. வெளியேற முடியாத இடம் என்று வார்த்தை சொன்னதைக் கிட்டார் செய்து காட்டுகிறது. இது போதாதா?

ஒரே பாட்டு, இரண்டு குரல்

நான்கைந்து வாரம் ஆனதும் இதைச் செய்து பாருங்கள், இந்த வழிகாட்டியிலேயே எனக்கு மிகவும் பிரியமான பகுதி இதுதான். 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' என்றதும் எல்லோருக்கும் விட்னி ஹியூஸ்டன்தான் ஞாபகம் வருவார், 1992, அமெரிக்காவில் 14 வாரம் முதலிடம். அதை எழுதியவர் டாலி பார்ட்டன், 1974-இல் வெளிவந்தது. அவரைத் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சேர்த்து வளர்த்த போர்ட்டர் வாகனரை விட்டுத் தனியாகப் போக முடிவெடுத்தபோது, சண்டை போடாமல் விடைபெறுவதற்காக எழுதிய பாட்டு அது. எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார், ஆனால் அவருடைய மேனேஜர் பதிப்புரிமையில் பாதி கேட்டார், டாலி மனசை கல்லாக்கிக்கொண்டு மறுத்துவிட்டார். பிற்காலத்தில் விட்னி பாடியபோது உரிமை முழுக்க டாலியிடமே இருந்தது.

டாலியின் பதிவை முதலில் கேளுங்கள். குரல் தணிந்து இருக்கும், நடுவில் பாடுவதை நிறுத்திவிட்டுப் பேசுவார், எதிரில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரியும். விட்னியின் பதிவில் தொடக்கத்தில் முக்கால் நிமிஷம் வாத்தியமே இல்லை, வெறும் குரல். கடைசிப் பகுதிக்கு முன் எல்லாம் நின்று ஒரு மௌனம், ஒரே ஒரு டிரம் அடி, உடனே சுருதி மேலே ஏறிவிடும். அவர் உலகத்துக்கே கேட்கும்படி விடைபெறுகிறார். எது நல்லது என்று விடுதியில் சண்டை வரும், வரட்டும். என் ஓட்டு டாலிக்கு, விடைபெறுகிற பாட்டு அவ்வளவு தணிந்துதான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் விட்னியின் அந்த முதல் முக்கால் நிமிஷத்தை யாராலும் தள்ளிவிட முடியாது.

சர்ச் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னும் இரண்டு ஜோடி. 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' போனி எம் குழுவின் 1978 டிஸ்கோ வெற்றி, கேசட் காலத்தில் நம் ஊர் வீடுகளிலும் ஒலித்தது. அது 137-ஆம் சங்கீதம், சிறைப்பட்டுப் போனவர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து ஊரை நினைத்து அழுகிற பாட்டு. ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு 1970-இல் ரஸ்தஃபாரி என்ற ஜமைக்கா மத நம்பிக்கையோடு பாடிய மூலத்தைக் கேட்டால் அந்த ஏக்கம் பச்சையாகத் தெரியும், டிஸ்கோவில் அது கொண்டாட்டத்துக்கு அடியில் இருக்கிறது. லெனார்ட் கோஹனின் 'ஹலேலூயா' இன்னொன்று. தாவீது ராஜா, பத்சேபாள், சிம்சோன் கதைகள் தெரிந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். 1984-இல் அந்தப் பாட்டு இருந்த ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட அவருடைய கம்பெனியே மறுத்துவிட்டது. 1991-இல் ஜான் கேல் பியானோவோடு பாடினார், அதைக் கேட்டு ஜெஃப் பக்லி 1994-இல் ஒரே ஒரு கிட்டாரோடு பாடினார், அதற்குப் பிறகுதான் மெதுமெதுவாக உலகம் அந்தப் பாட்டைக் கண்டுபிடித்தது. மூன்று பதிவையும் ஒரே இரவில் கேட்காதீர்கள். தனித்தனி நாளில், பிறந்த வரிசையில் கேளுங்கள். முதல் சரணத்தில் கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) எப்படி நகர்கின்றன என்று வார்த்தை சொல்லும்போதே கார்டுகள் அப்படியே நகரும் இடத்தைப் பிடித்துவிட்டால் உங்கள் காது முதிர்ந்துவிட்டது.

கடைசி வேலை: வாயால், கையால்

கேட்டுக்கொண்டே இருந்தால் போதாது, ஒன்றையாவது பாடவோ வாசிக்கவோ வேண்டும். வாத்தியம் இல்லாதவர்களுக்கு குவீனின் 'வி வில் ராக் யூ', 1977. இரண்டு தடவை காலால் தரையை மிதி, ஒரு தடவை கைதட்டு, முடிவில் கிட்டார் வரும்வரை வேறு வாத்தியமே கிடையாது. கூட்டத்தில் நிற்கிறவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்போதும் செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்று யோசித்துத்தான் பிரையன் மே அதை எழுதினார். இயற்பியல் படித்தவர் என்பதால், சில பேர் பலகையில் மிதித்த சத்தத்தை வெவ்வேறு தாமதத்தில் திரும்பச் சேர்த்து, பெரிய கூட்டம் மிதிக்கிற மாதிரி ஆக்கினார். ஆறேழு பேர் சேர்ந்தால் அந்தப் பாட்டு உங்களுடையது. மிதிக்கும்போது வேகம் கூடிக்கொண்டே போகும், ஒருவர் மட்டும் எண்ணிக்கொண்டு பிடித்து நிறுத்துங்கள்.

கிட்டார் கையில் இருந்தால் முதலில் அந்த டீப் பர்ப்பிள் வரி. கீழிருந்து மூன்றாவது கம்பி ஒன்று போதும், பூஜ்யம் என்றால் விரல் வைக்காத கம்பி, மற்ற எண்கள் ஃப்ரெட், அதாவது கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்: 0, 3, 5, சின்ன இடைவெளி, 0, 3, 6, 5, மறுபடி இடைவெளி, 0, 3, 5, 3, 0. பிளாக்மோர் இரண்டு கம்பிகளைச் சேர்த்து விரலால் கிள்ளுகிறார், அது அப்புறம் வரும். இடைவெளிகளை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள், அந்த வரியின் பலம் பாதி அங்கேதான் இருக்கிறது.

அடுத்து 'ஸ்டாண்ட் பை மீ'. நான்கு கார்டுதான், ஜி, இ மைனர், சி, டி. ஜி இரண்டு சுற்று, இ மைனர் இரண்டு சுற்று, சி ஒன்று, டி ஒன்று, மறுபடி ஜி இரண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு எண்ணிக்கை. பாட்டு முடியும்வரை இதே எட்டுதான். முதலில் வேகமாக ஸ்ட்ரம் செய்யாமல் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் கட்டைவிரலால் அந்தந்தக் கார்டின் அடிக் கம்பியை மட்டும் தட்டிக்கொண்டு பாடுங்கள், தடித்த பக்கமிருந்து எண்ணினால் ஜி-க்கும் இ மைனருக்கும் முதல் கம்பி, சி-க்கு இரண்டாவது, டி-க்கு மூன்றாவது. ஜி சுருதி குரலுக்குக் கீழே போகிறது என்றால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கேப்போ என்ற கிளிப்பை இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டுங்கள், பென் இ. கிங் பாடிய அதே ஏ சுருதி கிடைத்துவிடும். முடித்ததும் கிட்டாரை வெயில் விழும் ஜன்னலோரம் சாய்த்து வைக்காதீர்கள், நம் ஊர் ஏப்ரல், மே வெயிலுக்கு மரம் வளைந்து கம்பி ஃப்ரெட்டை விட்டு மேலே தூக்கிவிடும்.